அனைவரும் உண்டு மகிழ்ந்தனர்

தாராவி, பம்பாய்
5 ஜனவரி 1964

அன்புள்ள அண்ணனுக்கு,

தாளின் தலையில் சிலுவை போட்டுவிட்டேன். அம்மா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போனாள். இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. தோல் கிடங்கில் சுண்ணாம்பு தின்ற அப்பாவின் விரல் ஆறி வருகிறது. உன் நெஞ்சுச் சளி எப்படி இருக்கிறது? நாகபுரிக் குளிரில் காதை மூடிக்கொண்டு ஆபீஸ் போ என்று அம்மா சொல்கிறாள்.

செய்தி இதுதான். நான் 'மாணவர் சுடர்' பத்திரிகையின் துணையாசிரியர் ஆகிவிட்டேன். மாதுங்கா தமிழ் மாணவர் மன்றத்தின் ஆசிரியர் குழுவில் தாராவிப் பெண் ஒருத்தி உட்காருவது இதுவே முதல் தடவை. எனக்குக் கொடுத்த நாற்காலி கொஞ்சம் ஆடுகிறது. ஆடினாலும் நாற்காலிதான்.

ஆசிரியர் வேங்கடசுப்ரமணியன் எம்.ஏ. படிக்கிறவர், நல்ல மாதிரி. முதல் நாளே பொங்கல் விழாச் செய்தியை எழுதச் சொன்னார். "விழா இன்னும் நடக்கலையே?" என்றேன். "நடந்தப்புறம் எழுதினா தபால் சலுகைத் தேதி போயிடும். வருஷா வருஷம் நடக்கறது ஒண்ணுதானே? போன வருஷத்தைப் பாத்து எழுதிடு" என்றார். மன்றத்தில் இதுதான் வழக்கமாம். செய்தி முதலில், விழா பிறகு.

பழைய இதழ்களைப் புரட்டினேன். அண்ணே, இந்தப் பத்திரிகைக்குச் செல்லமான ஒரு சொல் இருக்கிறது: 'அனைவரும்'. அனைவரும் கைதட்டினர். அனைவரும் வியந்தனர். விளையாட்டு விழாவில் அனைவரும் பங்கேற்றனர். பேராசிரியர் ஓய்வு பெற்றபோது அனைவரும் கண்ணீர் மல்கினர். அன்று நானும் அங்கே இருந்தேன். பின் வரிசையில் பாதிப் பேர் சமோசா தின்றுகொண்டிருந்தார்கள். கூட்டத்துக்கு வராதவர்களைத் திட்டும்போது மட்டும் 'சிலர்' தலை காட்டுகிறார்கள்.

நானும் சளைக்கவில்லை. 'பொங்கல் விருந்தில் அனைவரும் சமமாக அமர்ந்து உண்டு மகிழ்ந்தனர்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மேலே என் பெயர் இருக்கும். அச்சில் வந்ததும் உனக்கு அனுப்புகிறேன். உன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வை.

உன் பெருமைக்குரிய தங்கை,
அன்னமேரி

*

நாகபுரி
10 ஜனவரி 1964

அன்புத் தங்கை மேரிக்கு,

உன் கடிதமும், அதன் மூலையில் அம்மாவின் மஞ்சள் விரல் தடமும் வந்து சேர்ந்தன. இரண்டையும் பார்த்ததில் சளி பாதி குறைந்துவிட்டது. அப்பாவின் விரலுக்குத் தேங்காயெண்ணெய் மட்டும் போதாது, டாக்டரிடம் காட்டச் சொல்.

துணையாசிரியர்! பக்கத்து மேசைக்காரரிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன். மன்றத் தலைவர் பஞ்சாபகேசன் சாரைப் பார்த்தால் என் வணக்கத்தைச் சொல். எனக்கு இந்த வேலை கிடைத்தது அவர் சிபாரிசால் என்பது உனக்குத் தெரியும். ஜூனில் என்னை நிரந்தரம் ஆக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்ற காகிதமும் பம்பாய் ஹெட் ஆபீஸில் அவர் மேசை வழியாகத்தான் போகும்.

இன்னொன்று. விருந்தன்று நீ பெண்களோடு முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிடு. நம் சால் குடியிருப்பு மரியஅந்தோணியும் மற்றப் பையன்களும் பந்தல் கட்டப் போவார்கள் இல்லையா? கட்டி முடித்ததும் வீட்டுக்கு வந்து சாப்பிடச் சொல். அங்கே நேரமாகும்.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு.
வேதமுத்து

*

நாகபுரி
19 ஜனவரி 1964

மேரிக்கு,

நான் சுகம். இங்கே வெயில் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. அப்பாவின் விரல் தேவலையா?

விழாவில் ஏதோ சிறு மனக்கசப்பு என்று கேள்வி. தண்ணீர் விஷயம் எல்லா இடத்திலும் உள்ளதுதான். பத்திரிகை என்றால் நாலு பேரை அனுசரித்துத்தான் நடத்த முடியும். நீ எழுதிக் கொடுத்த செய்தி நன்றாகத்தான் இருக்கிறது. அதில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பரீட்சைக்குப் படி. ஒன்றையும் பெரிதுபடுத்தாதே.

அன்புடன்,
வேதமுத்து

*

தாராவி
23 ஜனவரி 1964

அண்ணனுக்கு,

வீட்டில் சுகம். அம்மா தண்ணீர்க் குழாய்க்குப் போயிருக்கிறாள், ஆகவே இந்தத் தாளில் சிலுவை இல்லை.

விழாவைப் பற்றி நான் உனக்கு இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுத உட்கார்ந்தபோதெல்லாம் தாளைக் கிழித்துப் போட்டேன். நான் எழுதாத கடிதத்துக்கு நீ எப்படிப் பதில் எழுதினாய்? தண்ணீர் என்று உனக்குச் சொன்னது யார்? செய்தியில் நான் கையெழுத்துப் போடாமல் இருப்பது நாகபுரி வரை எப்படி வந்தது?

நடந்ததை என்னிடமிருந்து கேள். மரியஅந்தோணியும் பையன்களும் விடியலிலிருந்து கம்பு நட்டார்கள், பெஞ்சு சுமந்தார்கள். துணையாசிரியர் என்று முதல் பந்தியில் எனக்கும் ஓர் இலை போட்டிருந்தார்கள், உட்கார்ந்திருந்தேன். மரியஅந்தோணி வேர்க்க விறுவிறுக்க வந்து, வாசலில் இருந்த அண்டாவில் டம்ளரை விட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்தான். பரிமாறுகிறவர் கத்தினார்: "டேய் டேய்! யார்ரா அது அண்டாலே கைய விடறது?" பந்தியில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பஞ்சாபகேசன் சார் வந்தார். கோபமே இல்லை. சிரித்த முகம்தான். "சத்தம் போடாதீங்கோ, நல்ல நாளும் அதுவுமா. அந்த ஜலத்தைக் கொட்டிட்டு வேற பிடிச்சு வையுங்கோ. முடிஞ்சது."

கொட்டினார்கள். முழு அண்டாவையும் முற்றத்தில் கவிழ்த்தார்கள். தண்ணீர் எங்கள் பந்தி வரை ஓடி வந்தது.

"நானும் மன்றத்து மெம்பர்தான் சார்" என்றான் மரியஅந்தோணி.

"யாரு இல்லேன்னா? வாலண்டியர்களுக்குத் தனியா பொட்டலம் கட்டியிருக்கு. ஆத்துக்கு எடுத்துண்டு போய் சௌகரியமா சாப்பிடுங்கோ."

"கம்பு நடும்போதும் இதே கைதான சார் இருந்துச்சு?"

கொடுத்த பொட்டலத்தைப் பெஞ்சுமேல் வைத்துவிட்டு அவன் நடந்தான். பையன்கள் எல்லாரும் பின்னாலேயே போனார்கள். நான் இலையில் பாதியை விட்டுவிட்டுக் கை கழுவாமல் எழுந்து வந்தேன். வெளியே வந்தபோதுதான் உறைத்தது. 'அனைவரும் சமமாக அமர்ந்து உண்டு மகிழ்ந்தனர்' என்பது என் பெயரில் உதுமான் பிரஸ்ஸில் அச்சுக் கோத்து, என் கையெழுத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது.

உனக்கு இதை யார் எழுதினார்கள் என்று சொல்.

அன்னமேரி

*

தாராவி
8 பிப்ரவரி 1964

அண்ணனுக்கு,

இரண்டு வாரமாகத் தபால்காரர் நம் சால் வீடுகளைத் தாண்டிப் போகிறார். நீ சுகமாக இருக்கிறாய் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அப்பாவின் விரல் முழுக்க ஆறிவிட்டது.

ஜனவரி இதழ் வரவில்லை, என்னால்தான். உதுமான் பிரஸ்ஸில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எவனோ எழுதிய துண்டு நோட்டீசுக்காக அவர் ஒருதடவை போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்தாராம். அன்றிலிருந்து, ப்ரூஃபில் எழுதியவர் கையெழுத்து இல்லாமல் எந்தப் பக்கத்தையும் மெஷினில் ஏற்றமாட்டார். நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறேன்.

வேங்கடசுப்ரமணியன் நேற்று கிங்ஸ் சர்க்கிளில் என்னை நிறுத்தினார். "ஒரு வார்த்தைக்காகப் பத்திரிகையே நிக்கணுமா? எல்லாப் பேப்பர்லயும் அப்படித்தான் எழுதறா. அனைவரும்னா நெஜமாவே அனைவரும்னா அர்த்தம்?"

"வேற என்ன சார் அர்த்தம்?"

"பேச்சு வழக்கு. ஒரு சம்பிரதாயம்."

"அப்ப நாங்க சம்பிரதாயத்துல சேத்தி இல்ல. அதையாவது போடுங்க."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. கடைசியில் என் பெயரை எடுத்துவிடுவதாகவும் தானே கையெழுத்துப் போடுவதாகவும் சொன்னார். அதில் எனக்கு என்ன லாபம்? பொய் அப்படியே இருக்கும், என் பெயர் மட்டும் சுத்தமாக இருக்கும். வேண்டாம், எழுதியது நான்தான் என்று பிரஸ்ஸில் சொல்லிவிடுவேன் என்றேன்.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்: "ஏட்டி, ஒங்க அண்ணனும் காலேஜுல படிக்கைல வருசா வருசம் அங்க பந்தல் கட்டப் போவான்லா. 'சாப்ட்டாச்சும்மா'ம்பான். நான் அந்தப் பக்கம் திரும்புனதும் கஞ்சிப் பானைக்குள்ள கைய விடுவான். எனக்குத் தெரியாதாக்கும்?"

"நீ கேக்கலியாம்மா?"

"கேட்டா அவன் சொல்லணும்லா?"

நேரமாகும், வீட்டுக்கு வந்து சாப்பிடச் சொல் என்று நீ எழுதியது ஏன் என்று இப்போது புரிகிறது. உனக்குத் தெரிந்திருந்தது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அன்னமேரி

*

நாகபுரி
14 பிப்ரவரி 1964

(அஞ்சலட்டை)

அன்புள்ள அம்மாவுக்கு வேதமுத்து எழுதுவது. இங்கு நான் நலம். அங்கு அனைவரும் நலந்தானே? சளி அடியோடு போய்விட்டது. இந்த வருடம் தவக்காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் ஒருபொழுது இருக்கிறேன். ஆபீஸில் வேலை அதிகம், ஆகவே கடிதம் தாமதம். மேரியை நன்றாகப் படிக்கச் சொல்லவும்.

*

தாராவி
18 பிப்ரவரி 1964

அண்ணனுக்கு,

அம்மாவுக்கு நீ போட்ட அட்டையை நான்தான் வாசித்துக் காட்டினேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது, யார் வாசிப்பார்கள் என்று உனக்குத் தெரியும். சளி போனதில் சந்தோஷம்.

'அனைவரும் நலந்தானே?' நீயுமா? சரி, கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். அம்மா நலம். அப்பா நலம். மரியஅந்தோணி அன்றிலிருந்து மாதுங்கா பக்கம் போவதில்லை. காலேஜுக்குக்கூட மாஹிம் வழியாகச் சுற்றிப் போகிறான். நான் நலமில்லை, கோபமாக இருக்கிறேன். இப்படி ஆள் ஆளாக எழுதினால் தாள் கொஞ்சம் அதிகம் செலவாகும், அவ்வளவுதான்.

நீ சொல்லாததை நானே சொல்லிவிடுகிறேன். பஞ்சாபகேசன் சார் உனக்கு எழுதியிருக்கிறார். உன் தங்கையை அடக்கு என்று எழுதியிருக்கமாட்டார், அவர் அப்படிப்பட்டவர் இல்லை. ஜூன் மாதத்தை நலம் விசாரித்திருப்பார்.

பிப்ரவரி இதழும் வராவிட்டால் தபால் சலுகை போய்விடும் என்கிறார் வேங்கடசுப்ரமணியன். இருபத்தொன்பதாம் தேதி பிரஸ்ஸில் முடிவு. நான் வேறு வாக்கியம் எழுதி வைத்திருக்கிறேன், நடந்தது நடந்தபடி. வேலை உன்னுடையது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது. நான் கேட்பேனோ மாட்டேனோ தெரியாது. ஆனால் எழுது. ஒருபொழுது இருப்பதைப் பற்றி எழுதாதே.

அன்னமேரி

*

நாகபுரி
24 பிப்ரவரி 1964

அன்புத் தங்கை மேரிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மற்றபடி நலம் என்று எழுத இந்த வாரம் மனம் வரவில்லை.

நீ சொன்னதுதான். விழா முடிந்த மூன்றாம் நாள் அவர் கடிதம் வந்தது. 'உன் சகோதரி புத்திசாலிக் குழந்தை, நல்லபடி முன்னுக்கு வரவேண்டியவள், நீ ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள்' என்று எழுதியிருந்தார். கீழே ஒரு வரி: 'உன் கன்ஃபர்மேஷன் காகிதத்தை ஞாபகம் வைத்திருக்கிறேன்.' இரண்டு வரிக்கும் நடுவில் ஒரு விரல்கடை இடம் விட்டிருந்தார். அந்த இடத்தில்தான் ஒரு மாதமாகக் குடியிருக்கிறேன்.

அவர் கெட்டவர் இல்லை மேரி, அதுதான் தொந்தரவு. எத்தனையோ பையன்களுக்கு வேலை வாங்கிக் கொடுத்திருக்கிறார். எனக்கும் கொடுத்தார். ஆனால் வேலை கேட்டு அவர் வீட்டுக்குப் போன அன்று மாடிப்படியில் நின்றுதான் பேசினேன். உள்ளே வா என்று அவர் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்க்காமல் இருக்க எப்போது கற்றுக்கொண்டேன் என்று யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை.

உனக்கு முன்பே சொல்லாததற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. வெட்கம்.

வேண்டாமா, வேண்டுமா என்று கேட்கிறாய். என்னைக் கேட்காதே. கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அம்மாவையும் அப்பாவையும் ஜூன் மாதத்தையும் காட்டி உன்னை மடக்கிவிடுவேன். எனக்கு நன்றாகப் பேச வரும். ஆகவே கேட்காமல் செய்.

அண்ணன்,
வேதமுத்து

*

தாராவி
4 மார்ச் 1964

அன்புள்ள அண்ணனுக்கு,

சிலுவை போட்டிருக்கிறேன், யாரும் சொல்லாமலே. எல்லாரும் சுகம், எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்தது. நீ கேட்டுக்கொண்டபடி உன்னைக் கேட்காமல் பிரஸ்ஸுக்குப் போனேன். உதுமான் அண்ணன் ப்ரூஃபை மேசைமேல் விரித்து வைத்திருந்தார். என் புது வாக்கியங்களைப் பக்கத்தில் வைத்தேன். 'விருந்தினர்களும் மற்ற உறுப்பினர்களும் உண்டு மகிழ்ந்தனர். பந்தல் கட்டிய தாராவி மாணவர்களில் ஒருவரும் உண்ணவில்லை. அவர்களில் ஒருவர் தண்ணீர் மொண்டதால் அண்டாத் தண்ணீர் முழுவதும் கொட்டப்பட்டது.'

வேங்கடசுப்ரமணியன் வாசித்தார். "மத்ததெல்லாம் இருக்கட்டும். அண்டா மட்டும் வேண்டாமே."

"அண்டாவை நான் கொட்டல சார்."

உதுமான் அண்ணன் சிரித்துவிட்டார். பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, உங்க சண்டைய நாளைக்கு வச்சுக்கங்க. எனக்குக் கையெழுத்து வேணும். தங்கச்சி பழைய மேட்டருக்குப் போடமாட்டேங்கு. அப்ப நீங்க போடுங்க. இந்த ஒருதடவ, விழாவுல இருந்தவங்க யாராச்சும் போட்டாச் சரி. இன்னைக்கு ராத்திரி மெஷின் ஓடணும்" என்றார்.

"சரி, நானே போடறேன்" என்றார் வேங்கடசுப்ரமணியன். பழைய ப்ரூஃபைத் தன் பக்கம் இழுத்தார். பேனாவைத் திறந்தார். 'அனைவரும் சமமாக அமர்ந்து' என்று வாய்க்குள் வாசித்தார். நான் பேசினால் அவருக்குச் சுலபமாகப் போய்விடும் என்று தோன்றியது. கையெழுத்துப் போடும் இடத்தில் நிப்பை வைத்தார். மைப் புள்ளி ஒன்று விழுந்து ஊறியது. அதற்குமேல் கை நகரவில்லை.

"நானும் அங்கதானே இருந்தேன்" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. பிறகு அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, என் தாளை எடுத்து உதுமான் அண்ணனிடம் நீட்டினார். "இதையே போடுங்கோ. அண்டாவோட."

நான் கையெழுத்துப் போட்டேன். இதழ் தபாலில் போய்விட்டது. உனக்கும் ஒன்று வரும்.

நேற்று மன்றக் கூட்டம். இன்று காலை எனக்கு ஒரு காகிதம் வந்தது. 'அனைவரும் ஒருமனதாகத் தீர்மானித்தபடி செல்வி அன்னமேரி துணையாசிரியர் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகிறார்.' விசாரித்தேன். வேங்கடசுப்ரமணியன் கை தூக்கவில்லையாம். இந்தச் சொல்லை அவர்கள் விடுவதாக இல்லை. நானும் விடுவதாக இல்லை. மரியஅந்தோணியும் நானும் தாராவியிலேயே ஒரு பத்திரிகை போடப் பேசிக்கொண்டிருக்கிறோம். உதுமான் அண்ணன் தாள் தருகிறேன் என்கிறார்.

மரியஅந்தோணிக்கு என்மேல் ஒரு கோபம். இதழை நாலு தடவை வாசித்துவிட்டு, "'ஒருவர்'னு போட்டிருக்கியே, எனக்குப் பேர் இல்லியா?" என்றான். "ஒனக்கு இடைஞ்சல் வரும்னுதான் போடல" என்றேன். "இடைஞ்சல் அன்னைக்கே வந்தாச்சு. பேரையாவது போட்டிருக்கலாம்லா?" என்றான். அவன் சொன்னதுதான் சரி. அவனைக் காப்பாற்றுகிறேன் என்று நான் யாரைக் காப்பாற்றினேன்?

ஜூனைப் பற்றி நான் மன்னிப்புக் கேட்கமாட்டேன். ஆனால் தினமும் நினைக்கிறேன்.

உன் தங்கை,
அன்னமேரி

*

நாகபுரி
12 மார்ச் 1964

ஆசிரியர், 'மாணவர் சுடர்', மாதுங்கா, பம்பாய்

அன்புள்ள திரு. வேங்கடசுப்ரமணியன் அவர்களுக்கு,

வணக்கம். தங்களை நான் நேரில் அறியேன். தாங்களும் தங்கள் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

பொங்கல் விழாச் செய்தியில் ஒரு விவரம் விடுபட்டிருக்கிறது. தண்ணீர் மொண்டவர் பெயர் மரியஅந்தோணி, பி.ஏ. இரண்டாம் ஆண்டு. தன் பெயர் அச்சில் வரவேண்டும் என்று அவரே விரும்புகிறார். அடுத்த இதழில் திருத்தமாக வெளியிடவும்.

1959, 1960, 1961 ஆகிய மூன்று பொங்கல்களுக்கும் மன்றப் பந்தலைக் கட்டியவர்களில் நானும் ஒருவன். மூன்று வருடமும் அதன் கீழ் நான் சாப்பிட்டதில்லை. மூன்று வருடமும் 'அனைவரும் உண்டு மகிழ்ந்தனர்' என்று உங்கள் பத்திரிகை எழுதியது. அப்போது நான் மறுத்து எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். இதைச் சுருக்காமல் வாசகர் பகுதியில் போடவும். உதுமான் பிரஸ்ஸில் கையெழுத்துக் கேட்பார்கள் என்று அறிகிறேன். கீழே இருக்கிறது.

இதன் நகல் ஒன்றைத் தலைவர் திரு. பஞ்சாபகேசன் அவர்களுக்கு, வீட்டுக்கு அல்லாமல் ஹெட் ஆபீஸ் முகவரிக்கே அனுப்பியிருக்கிறேன். என்னுடைய மற்றக் காகிதங்கள் இருக்கும் கோப்பிலேயே இதையும் சேர்த்துக்கொள்ள அவருக்கு வசதியாக இருக்கும்.

தங்கள் உண்மையுள்ள,
செ. வேதமுத்து
தற்காலிக எழுத்தர், நாகபுரிக் கிளை